லக்கல உரிமம்

இதைச் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று தான் இருக்கும் மாத்தளையில் மழை என்று என் சிநேகிதி சிவரூபினி சொன்னதாக நினைவு. வெயில் என்று சொல்லியிருந்தாலும் மறுக்க என்னிடம் எதுவுமில்லை. மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

ஒரே டாக்டர் இருந்து பார்த்து மருந்தும் கொடுக்கும் சிறிய டிஸ்பென்சரிகளுக்காக அவள் ஒரு செயலி எழுதியிருந்தாள். நோயாளியின் பெயர், வந்த நாள், கொடுத்த மருந்து, உடம்புக்கு ஒத்துவராத மருந்து எல்லாம் அதில் பதிவாகும். மூன்று வருட உழைப்பு. ஒருமுறை தம்புள்ளையில் இருமலுக்கு மருந்தெடுக்கப் போனவள், தான் விற்றே இராத ஓர் இடத்தின் மேசையில் தன் செயலியின் பச்சைத் திரையைக் கண்டாள்.

"இதுவா? யாரோ பென் டிரைவ்ல கொண்டாந்து போட்டுட்டுப் போனாங்க" என்றாள் அங்கிருந்த பெண், கையிலிருந்த பனிஸைக் கடித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து செயலியைத் திருத்தி, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கெல்லாம் புதியதைக் கொடுத்தாள். இனி வாரம் ஒருமுறை அது இணையத்தில் அவளுடைய சேவையகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் பூட்டிக்கொள்ளும். தொடர்ந்து மூன்று தடவை இணைப்பே கிடைக்காமல் தவறினால், ஒரு நாள் முழுக்க மறுபடி கேட்கவும் விடாது. கள்ளனுக்கு வைத்த கண்ணி அது.

காலையில் எழுந்ததும் அனுமதிப் பட்டியலைப் பார்ப்பது பழக்கமாயிற்று. ஒரு திங்கட்கிழமை, லக்கலயில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் நிஸ்தார் டாக்டரின் உரிமம் கண்ணில் பட்டது. கடந்த நான்கு வெள்ளிக்கிழமைகளும் ரத்தோட்டையிலுள்ள ஒரு கடையின் இணைப்பிலிருந்து கேட்டிருந்தது. லக்கலக்காரருக்கு ரத்தோட்டைக் கடையில் என்ன வேலை? இன்னொரு பிரதி ஓடுகிறது என்று முடிவுகட்டினாள். கேட்டால் மழுப்புவார் என்று நினைத்து அழைக்கவில்லை. தடையை அழுத்தினாள். அடுத்த முறை அனுமதி கேட்கும்போது பூட்டு விழும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. டிஸ்பென்சரியில் வேலை செய்யும் றஹீமா. அங்கே கம்பித் தொலைபேசி மட்டும்தான்.

"மிஸ், திரை செவந்து போய் நிக்கிது. களவுப் பிரதின்டு எழுதியிருக்கு. நாங்க எங்க மிஸ் களவெடுத்த?"

"ரத்தோட்டையில யாரு வச்சிருக்காங்க?"

"யாருமில்ல. இங்க சிக்னல் இல்லியே. வெள்ளிக்கெழம விடிய லெப்டொப்ப பஸ் கண்டக்டர்ட குடுப்போம். அவர் ரத்தோட்டையில எங்கட மாமாட கடையில வச்சி நெட்டக் காட்டி, பின்னேர பஸ்ஸில கொண்டாருவார். லெப்டொப்புக்கும் ஒரு டிக்கட் போடுறார், பாவம்."

சிவரூபினி பட்டியலைத் திறந்து தடையை நீக்கினாள். வாரம் தவறாமல் ஓர் இயந்திரம் மலைப்பாதையில் அத்தனை தூரம் போய், அவளிடம் அனுமதி கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது.

டாக்டர் ரிசீவரை வாங்கினார். "தங்கச்சி, கோவம் பிறகு படுவோம். பொடிமெனிக்கேன்டு ஒரு பொம்பள வந்திரிக்கா. கால்ல வெட்டு, சீழ் வச்சி காய்ச்சல் கொதிக்கிது. போன வருசம் ஒரு ஊசியில தொண்ட அடைச்சி உசிரு போய் மௌத்தாகப் பாத்தா. எந்த ஊசின்டு உங்கட பெட்டிக்குள்ளதான் ஈக்கிது. தெரியாம நான் குத்த மாட்டேன்."

"தடைய எடுத்துட்டேன் டாக்டர். ஆனா லெப்டொப் நெட்டுக்கு வந்தாத்தான் அதுக்குத் தெரியும்."

"சரி. திரீவீலர்ல அவவையும் ஏத்திக்கொண்டு மேல வளைவுக்குப் போறோம். அங்க சிக்னல் வரும். இல்லாட்டி அப்படியே ஆஸ்பத்திரிதான். ஆனா தூரம்."

முக்கால் மணி நேரம் கழித்து றஹீமாவின் கைபேசியிலிருந்து அழைப்பு. பின்னால் ஒரு பெண்ணின் முனகல் கேட்டது.

"அமத்துறேன் மிஸ்." விசை தட்டும் சத்தம். "இல்ல, தவறிட்டு."

"திரும்பப் பண்ணுங்க."

"அதுவும் தவறிட்டு மிஸ்."

இரண்டு. இன்னும் ஒன்றுதான். பட்டியலில் ஒரு வரிகூட விழவில்லை. மூன்று தடவை என்று அந்த விதியை எழுதிய தன் விரல்களையே பார்த்தாள். கள்ளனைப் பற்றி எத்தனை இரவு யோசித்தாள். சிக்னல் இல்லாதவரைப் பற்றி ஒரு நிமிடமும் யோசித்ததில்லை.

"நெட்டு எந்தப் போன்ல இருந்து குடுக்கிறீங்க?"

"இதிலதான். வேற போன் இல்ல."

அப்போதுதான் விளங்கியது. அந்த வளைவில் இருக்கும் சிக்னலில், பேச்சு நடக்கும்போது நெட் நின்றுவிடும். அவளுடைய குரல்தான் வழியை மறித்துக்கொண்டிருக்கிறது.

"றஹீமா, நான் வைக்கிறேன். நூறு வரைக்கும் எண்ணிட்டு அமத்துங்க. எனக்கு எடுக்காதீங்க."

"நீங்க வச்சா எங்களுக்குப் பயமாயிருக்கு மிஸ்."

"எனக்கும்தான்" என்று சொல்லி வைத்தாள்.

திரையைப் பார்த்தபடி அவளும் எண்ணினாள். நூறு தாண்டியது. நூற்று நாற்பது. வெளியே யாரோ கேட்டைத் தட்டினார்கள்; எழவில்லை. இருநூற்றுப் பத்தில் பட்டியலில் ஒரு வரி விழுந்தது: லக்கல, அனுமதி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சொன்ன சொல்லை மதித்து அவர்கள் அழைக்கவில்லை. தானே அழைக்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. மதியம் கம்பித் தொலைபேசியிலிருந்து றஹீமா பேசும்வரை சோறும் இறங்கவில்லை.

பொடிமெனிக்கேக்கு டாக்டர் வேறு ஊசி போட்டார். பத்து நாளில் கால் ஆறியது. றஹீமா கல்யாணமாகி அக்குறணைக்குப் போய்விட்டாள். நிஸ்தார் டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். லெப்டொப் இப்போது பஸ்ஸில் போவதில்லை. மாதம் ஒருமுறை சிவரூபினி தொலைபேசியில் அனுமதி எண்களை வாசிக்க, அவர் அதில் தட்டிக்கொள்கிறார். தம்புள்ளைப் பிரதி பழையது, அனுமதி கேட்கத் தெரியாது, இன்றும் ஓடுகிறது.