செத்தவனுக்குத் தொட்டில்

கருமாதி முடிந்தவன் உயிரோடு திரும்பி வந்தால் அவனை அப்படியே வீட்டுக்குள் விடக்கூடாதாம். அவன் மறுபடி பிறக்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும், காது குத்த வேண்டும், கடைசியில் சொந்தப் பெண்டாட்டிக்கே இன்னொரு முறை தாலி கட்ட வேண்டும். எங்கள் திருவொற்றியூர் குப்பத்துக்குப் பெரியவரான அப்பாவு நாட்டார் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். வந்து நின்றவன் என் தங்கை பூங்காவனத்தின் புருஷன் தேசப்பன்.

மழைக்காலத்தில் அவனும் ராயபுரத்து அலெக்ஸாண்டரும் ஒரே ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனார்கள். போட்டு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு பிணம். மீன் தின்ற முகத்தில் என்ன அடையாளம் தெரியும்? பிணவறை ஆள் பூங்காவனத்தைத் தனியாகக் கூப்பிட்டு ஓர் அரைஞாண்கயிற்றைக் கொடுத்தான். அதில் தேசப்பன் பிறந்தபோது தொப்புள்கொடியை அடைத்துக் கட்டிய வெள்ளித் தாயத்து இருந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எரித்தோம். பதினாறாம் நாள் அவள் தாலியையும் அறுத்தோம்.

தை பிறந்ததும் இவன் வந்து நிற்கிறான். காக்கிநாடா படகுக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றினார்களாம், காய்ச்சலில் கிடந்தானாம். ஒரு போன் பண்ண விரல்கூடவா இல்லை என்று கேட்டேன். காய்ச்சல் கதையையே திரும்பச் சொன்னான். அப்படியானால் நாங்கள் எரித்தது யாரை? அதைக் குப்பத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அலெக்ஸாண்டரின் தாய் வியாகுலம்மாள் ஓடி வந்தாள். "அவனும் வேற படகுல ஏறிட்டான் ஆயா, வந்துருவான்" என்றான் தேசப்பன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் சடங்கன்று பழத்தட்டோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

"எம் புள்ள வந்தா நானும் இப்டித்தான் செய்வேன். சர்ச்சு சாமியாரு திட்டினா திட்டட்டும்" என்றாள் என்னிடம்.

தேசப்பனை ஈரத்துணியால் மூடி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். புடவைத் தொட்டிலை அவன் தலைக்கு மேல் ஆட்டினார்கள். "கொயந்தைக்கு மீசை கீதுடி" என்று யாரோ சொல்ல, பெண்கள் கொஞ்சம்போல் சிரித்தார்கள். காதில் ஊசி இறங்கியபோது அவன் முகம் அசையவே இல்லை.

அடுத்து அரைஞாண்கயிறு. அப்பாவு புதுக் கயிற்றை எடுக்குமுன் பூங்காவனம் முந்தானை முடிச்சிலிருந்து பழையதை எடுத்தாள். நாங்கள் நான்கு பேர்தான் அருகில் இருந்தோம்.

"இது பொணத்து இடுப்புல இல்ல. மூடின கையில இருந்துச்சாம்" என்று மெதுவாகச் சொன்னாள். "நுனியப் பாரு, கத்தியால அறுத்தது. யாருய்யா ஒன் இடுப்பப் புடிச்சிகினு இருந்தது?"

தேசப்பன் அறுந்த நுனியையே பார்த்தான். "புடிச்சி மெதக்க கேனு ஒண்ணுதான் இருந்துச்சி. அவன் வுடல. ரெண்டு பேரும் முழுகிப் பூட்டிருப்போம்."

அப்பாவு தாலிக்கயிற்றை எடுத்துத் தேசப்பன் கையில் கொடுத்தார். "இப்பப் பொறந்த கொயந்தைக்கு ஏதும்மா பாவம்? நல்ல நேரம் போவுது. கயுத்தக் குடு."

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிட வேண்டும் என்றுதான் நானும் வேண்டினேன். தாலியில்லாத கழுத்தோடு அவள் பட்டதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இந்தக் கொலைகாரப் பாவியாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோருக்கும் முன்னால் அட்சதையோடு கையைத் தூக்கியவள் வியாகுலம்மாள்தான்.

பூங்காவனம் தாலிக்கயிற்றை விலக்கிவிட்டு எழுந்தாள். நேராகப் போய் வியாகுலம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அலெக்ஸு வரமாட்டான் ஆயா. அவனத்தான் நாங்க எரிச்சிட்டோம்."

மேளம் நின்றது. வியாகுலம்மாள் கத்துவாள், தேசப்பன் மேல் பாய்வாள் என்று நான் பயந்தேன். அவள் கையிலிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ளய இன்னா பேரச் சொல்லி எரிச்சீங்கம்மா?" என்று கேட்டாள்.