பனி பெய்யாத ஊர்

என் மகள் ஓஷினோ சத்திரக்காரர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஹமாசே ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை. சுவரில் ஒட்டியிருந்த அச்சுப்படத்தில்தான் பார்த்தேன்.

எங்கள் எடோ நகரத்தை விட்டு ஒரு பெண் வெளியே போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். கல்யாணம் என்றதும் அவளுக்கு அதிகாரிகள் கொடுத்தார்கள். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று நான் கேட்டால், "அதெல்லாம் ஒரு காரணமா?" என்கிறார்கள். பெற்றவளுக்கு அதைவிட வேறென்ன காரணம் வேண்டுமாம்? நாசமாய்ப் போகிறவர்கள்!

அவள் புறப்பட்டுப் போன வருடமே, படக்கடைக் கயிற்றில் 'ஹமாசே, அந்திப் பனி' என்று ஒரு படம் தொங்கியது. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான். வாங்கிவந்து எங்கள் நூடுல்ஸ் கடைச் சுவரில் சோற்றுப்பசை தடவி ஒட்டினேன். வானத்தில் நீலம், மேலே அடர்ந்து, கீழே வர வர வெளுத்துக் கரைந்துபோகும். பனிக்கு எந்தச் சாயமும் பூசவில்லை, வெறும் காகிதத்தை அப்படியே விட்டிருந்தார்கள். அந்த வெறும் காகிதத்தைப் பார்த்தாலே எனக்குக் குளிரும். சத்திர வாசலில் ஒரு பெண் முதுகு காட்டி, வாளியோடு குனிந்து நடப்பாள். அவள்தான் என் ஓஷினோ. அந்த இடது தோள் சாய்வு அவளுக்கு மட்டும்தான் உண்டு.

"ஏன்டி, வரைஞ்சவனுக்கு உன் மகளைத் தெரியுமா?" என்று சிரிப்பார் என் வீட்டுக்காரர் யஸோகிச்சி.

"உங்களுக்குத் தெரியலேன்னா எனக்கும் தெரியக் கூடாதா? பேசாம மாவைப் பிசைங்க."

காலையில் அடுப்பு மூட்டியதும் படத்திடம்தான் முதல் பேச்சு. "காலுக்குத் துணி சுத்திக்கிட்டியாடி? வாளியை மாமியாரைத் தூக்கச் சொல்லேன்." பெத்த மனம் பித்து என்பார்கள். எனக்கு அது முற்றியே போயிருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் ஆரஞ்சுப் பழம் ஏற்றிய படகில் வந்த கன்ரோக்கு என்பவன் எங்கள் கடையில் சாப்பிட உட்கார்ந்தான். வாய் நிறைய நூடுல்ஸோடு சுவரைப் பார்த்தவனுக்குப் புரையேறிவிட்டது.

"ஹமாசேல பனியா? அக்கா, அது எங்க ஊரு! ஆரஞ்சு காய்க்கிற மண்ணுல ஏது பனி? என் ஆயுசுல நான் பார்த்ததில்ல. இதை வரைஞ்சவன் எடோவைத் தாண்டியிருக்க மாட்டான்."

"சத்திரம்?"

"எங்க சத்திரம் இப்படி மலையடியிலயா இருக்கு? கடலைப் பார்த்துல்ல இருக்கு!"

கரண்டியை வைத்துவிட்டேன். மகள் குளிரில் நடுங்கவில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள், பறிகொடுத்தவள் போல உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் இத்தனை குளிர்காலமும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? ஆத்திரம் தாங்கவில்லை. படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். யஸோகிச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்தச் சத்திரத்துலதான் எங்க பொண்ணு இருக்கா. ஓஷினோன்னு பேரு" என்றார்.

கன்ரோக்கு கிண்ணத்தைக் கீழே வைத்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஓஷினோவோட அம்மாவா நீங்க? நீங்க இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"என்னய்யா உளறுற?"

"அவ வீட்டுலயும் ஒரு படம் இருக்குக்கா. எவனோ யாத்திரிகன் விட்டுட்டுப் போனது. எடோ, நிஹோன்பாஷி பாலம். விடியக்காலை, மீன்காரன் கூட்டம், அதுல பாலத்து ஓரமா தலையில வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு, இடுப்புல கூடையோட ஒரு குண்டுப் பொம்பள. அதுதான் எங்கம்மான்னு சொல்லுவா. தினமும் எழுந்ததும் பேச்சு வேற. 'அம்மா, இடிச்சுத் தள்ளிடுவாங்க, ஓரமா நில்லு'ன்னு. நாங்க சிரிப்போம். அவ கவலைப்பட மாட்டா."

யஸோகிச்சி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். புகை கண்ணைக் கரிக்கிறது என்றார். அடுப்பில் புகையே இல்லை.

எங்கள் கடை ஆற்றுக்கு இந்தப் பக்கம். எனக்கு அந்தப் பாலத்தில் என்ன வேலை? மீன்கூடை நான் சுமந்ததே இல்லை. அங்கே நிற்பவள் எவளோ. நான் என் மகளைத் தப்பான ஊரில் வைத்துப் பார்த்தேன். அவள் என்னைத் தப்பான உடம்பில் வைத்துப் பார்க்கிறாள்.

"இதெல்லாம் பொய்னு அவகிட்ட சொல்லிடட்டுமா அக்கா?" என்று கேட்டான் கன்ரோக்கு.

"நாக்கை அறுத்துடுவேன்."

மறுநாள் விடியலில் தலையில் வெள்ளைத் துணி கட்டினேன். யஸோகிச்சி காய்கறிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டி என் கையில் கொடுத்தார். "ரெண்டு மேலாடை போட்டுக்கோ. குண்டாத் தெரியும்" என்றார்.

பாலத்தில் கால் வைக்க இடமில்லை. மீன்காரர்கள் காவடித்தடியோடு ஓடினார்கள். அவன் சொன்ன ஓரத்தைத் தேடிப் பிடித்து, கூடையை இடுப்பில் வைத்து நின்றேன். ஒருவன் தோளில் இடித்தான். இன்னொருவன், "கிழவி, வழியில நின்னு என்ன பண்ற? நகரு!" என்று கத்தினான்.

"நகர மாட்டேன்டா. என் பொண்ணு எழுந்திரிக்கிற நேரம்" என்றேன்.