மேலிருந்து எடுத்த படம்

கிரேன் கூண்டுக்குள் கேமரா கூடாது என்று கூண்டிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு நேர் கீழேதான் அவள் சாப்பாட்டுப் பை தொங்கும். பைக்குள் கேமரா.

துறைமுகத்தில் அவளுக்குப் பெயர் கிரேன்காரி. அங்கேயே அம்மாவோடு கரி சுமந்து வளர்ந்தவள். இரண்டு முறை தேர்வில் தவறி, மூன்றாம் முறை டிக்கெட், அதாவது கிரேன் ஓட்டும் உரிமம், வாங்கி மேலே ஏறினாள். அழுதுகொண்டே இறங்குவாள் என்று கீழே பந்தயம் கட்டினார்கள். கட்டியவர்கள் தோற்றார்கள்.

லாரி வரத் தாமதமானால் கண்ணாடியை ஒரு சாண் திறந்து படம் எடுப்பாள். கூண்டுக்குக் கீழே ஒரு பழைய விளக்குக் கம்பம். அதன் உச்சித் தட்டில், கட்டில் அகலத்துக்குச் சுள்ளி அடுக்கி, கடற்கழுகு ஜோடி ஒன்று குடித்தனம் நடத்தியது. கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் கழுகின் வயிற்றைத்தான் எடுப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் வேறென்ன தெரியும்? இவளுக்கு முதுகு தெரியும். மீனைக் கிழிக்கிற அந்தக் கொடும் அலகு, குஞ்சின் வாய்க்கு வரும்போது எப்படிப் பதமாகிறது என்பதும் தெரியும்.

"நாளைக்கு அந்தக் கம்பத்த வெட்டி இறக்குறோம்" என்றார் ஃபோர்மேன். "கூடெல்லாம் காலி. வெறும் சுள்ளி."

குஞ்சு இருந்தால் சட்டப்படி தொட முடியாது. அது பறக்கும்வரை, அந்த இடத்தில் போடவிருக்கும் புது கன்வேயர் காத்திருக்க வேண்டும். ஏன் தாமதம் என்று மேலிடம் ஃபோர்மேனைக் குடையும். ஆகவே கூடு காலி.

வெட்டும் வேலை அவள் தம்பிக்கு. வெல்டர். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவனைப் பிடித்தாள்.

"டேய், உள்ள குஞ்சு இருக்குடா."

"வாயால சொன்னா ஆச்சா? படத்தக் காட்டு."

காட்டினாள். பார்த்தவன் கையைத் துடைக்க மறந்து நின்றான்.

"அக்கா, இத வெளிய காட்டிடாத. இப்படி மேலேருந்து எடுக்க இந்தத் துறைமுகத்துல ஒரே இடந்தான் இருக்கு. நீயே உன்னக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். டிக்கெட் போயிடும்."

"அப்ப வேற இடத்துலேருந்து எடுப்போம், வா."

வேலை முடிந்ததும் கிடங்குக் கூரையில் ஏறினார்கள். தகரம் காலைச் சுட்டது. தெரிந்ததெல்லாம் கூட்டின் அடிப்பக்கம்தான். ஒரு கழுகு மீனோடு வந்து இறங்கியது.

"மீனோட போகுதே, இது போதாதா?" என்றான் தம்பி.

"அதுவே தின்னுதும்பாங்க. ஃபோர்மேனுக்கு வாயாலேயே தேர் இழுக்கத் தெரியும்."

"ஒரு பறவைக்காகப் பொழப்பக் கெடுத்துக்குவியா?"

"பறவை போனா போகுது. பொய்யச் சொல்லிட்டு, வெட்டுறதுக்கு என் தம்பியையே அனுப்புறான் பாரு, அதத்தான் என்னால செரிக்க முடியல."

மறுநாள் காலைக் கூட்டம். அன்றைய வேலையைச் சொல்லி, "சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார் ஃபோர்மேன். எல்லாரும் தொப்பியை மாட்டுவார்கள். மாட்டினால் சம்மதம். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

எல்லாத் தொப்பியும் தலைக்கு ஏறியது. தம்பியுடையதும்தான். அவள் தொப்பி மட்டும் கையில் இருந்தது.

"என்ன கிரேன்காரி, தலை அரிக்குதா?"

"கூடு காலி இல்ல சார்." கேமராவை நீட்டினாள்.

ஃபோர்மேன் குஞ்சைப் பார்க்கவில்லை. படம் எடுத்த உயரத்தைப் பார்த்தார். "எங்கேருந்து எடுத்த?"

"எங்கேருந்து தெரியுமோ அங்கேருந்து."

அவர் குரலை இறக்கினார். "அழிச்சிடு. நீ எடுக்கல, நான் பாக்கல."

"விடியும்போதே வனத்துறைக்கு அனுப்பிட்டேன் சார். என் பேரு, கிரேன் நம்பர், எல்லாம் போட்டு. மொட்டைக் கடுதாசின்னா குப்பைக்குத்தானே போகும்?"

விசில் ஊதிச் சைகை காட்டுகிறவர், அன்றுதான் கடலைக் கண்டவர்போல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி தலை குனிந்திருந்தான். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

ஃபோர்மேனின் போன் அடித்தது. மேலிடம். "ஆமா சார்... இல்ல சார், இன்னும் தொடல சார்... நிறுத்திடுறோம் சார்." வைத்துவிட்டு, வெட்டும் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு அவளிடம் கையை நீட்டினார்.

"டிக்கெட்டக் குடு. இன்னையிலேருந்து கீழ, சங்கிலி மாட்டுற வேலை."

கொடுத்தாள். வாங்கியவருக்கு என்னவோ போலிருந்தது. "மன்னிப்பு எழுதிக் குடும்மா. கொஞ்ச நாள்ல மேல பேசி ஏத்திவிடப் பாக்குறேன்."

"எதுக்கு சார் மன்னிப்பு?" என்றாள் அவள், சங்கிலிக்காரர்களின் தோல் கையுறையைக் கையில் இழுத்து மாட்டிக்கொண்டே. "படம் என்ன, கலங்கலாவா இருக்கு?"