சத்தம் வராது என்று சொன்னேன்

மெகா சீரியல் பாணியில் வீடியோ கலை செய்வதாகக் கல்லூரி முழுக்க அலட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வரவேற்பறைதான் செட். எஜமானி வேலைக்காரியை அறைய வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆட்களை மட்டும் மாற்றிப் போட்டேன். அம்மாவுக்கு நைந்த நூல்புடவை. அடுகோடி என்ற பேட்டையிலிருந்து வந்து எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் முத்தம்மாவுக்கு அம்மாவின் பட்டு.

சோபாவில் உட்காரச் சொன்னதற்கே முத்தம்மா பதறினாள்.

“நடிப்புன்னாலும் ஒடம்பு கூசுது பாப்பா.”

நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அவள் தரையில்தான் உட்காருவாள். அதை மாற்றிக் காட்டும் புரட்சிக்காரி நான் என்று எனக்கு நினைப்பு.

“சீரியல்ல எல்லாம் டப்பிங்தான். இப்ப சத்தமே வராது. வாய் அசைஞ்சா போதும், என்ன வேணா பேசுங்க” என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனேன். கண்ணாடிக் கதவைச் சாத்தி, அதன் வழியாகப் படம் பிடித்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறியின் ஓசைக்காக உள்ளே பூச்சாடிக்குப் பின்னால் ஒரு மைக் வைத்திருந்தேன். அதை அவர்களிடம் சொல்லத் தோன்றவில்லை.

முத்தம்மா கையை ஓங்கினாள். அறையாமல் தேம்பினாள். அம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். என்ன நடிப்பு என்று பால்கனியில் நின்று கைதட்டினேன், மடச்சி.

மறுநாள் மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது, எடிட் செய்ய ஹெட்போனை மாட்டினேன்.

“இந்தப் பட்டுப்பொடவ, சோபா எதுவும் எனக்கு வேணாம்மா” என்றது முத்தம்மாவின் குரல். “எம்பொண்ணு ஒருவாட்டி என்னை அம்மான்னு கூப்டணும். பெத்தவ நானு.”

“மெதுவா பேசு” என்றது அம்மாவின் குரல். “கிருத்திகாவுக்குத் தெரிஞ்சா நான் செத்துடுவேன். கையில குடுத்த அன்னிக்கே சத்தியம் பண்ணியே!”

“சத்தம் வராதுன்னு பாப்பாவே சொல்லிச்சே. இன்னிக்காச்சும் வாய்வுட்டு அழுவறேன்.”

கிருத்திகா நான்தான். டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். அதே குரல், அதே சொல்.

“டப்பிங் எப்ப பாப்பா? நான் இன்னா பேசணும்?”

காபி டம்ளரோடு முத்தம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

“நேத்து பேசினதையே பேசு.”

அவள் ஹெட்போனைப் பார்த்தாள். மேசையில் கிடந்த மைக்கைப் பார்த்தாள். காபி தளும்பி அவள் கையில் கொட்டியது. சூடு உறைத்த மாதிரியே தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே சோபாவில் உட்கார்ந்தாள்.

வாசலில் அம்மா சாவி போட்டுக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. முத்தம்மா எழுந்திருக்கவில்லை.