மீசைக்காரரின் சொந்தக் குரல்

காலை ஏழேகாலுக்கு, மூன்றாவது முறையாக, சக்கர நாற்காலி உயிரை விட்டது.

மெக்கானிக் அதைத் தன் ஒர்க்‌ஷாப்பின் நடுவே இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார். சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கின. கைப்பிடியில் இருந்த விசையை முன்னால் தள்ளினால் இடது சக்கரம் சமர்த்தாக ஓடியது. வலது சக்கரம் ஒரு உதறு உதறிவிட்டு, வரமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது.

"அண்ணே, என்ன ஆச்சு?" என்று பின்னறை வாசலில் இருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலன்னா ஏன் ஸ்பேனர அப்படி முறைக்கிற? அது என்ன பண்ணுச்சு பாவம்?"

அவருடைய தங்கை அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். விடிந்தால் ஆரம்பிப்பாள், படுத்தால்தான் நிறுத்துவாள். கால்கள் பிறந்ததிலிருந்தே ஒத்துழைக்கவில்லை. கைகளுக்குப் பேனா பிடிக்கும் வலு உண்டு, சக்கரத்தைத் தள்ளும் வலு இல்லை. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, காய்ச்சலில் கிடப்பவன்கூட எழுந்து உட்கார்ந்து பதில் சொல்வான்.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது வேலை கிடைத்திருந்தது. நான்கு தெரு தள்ளி இருக்கும் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில், பதறிப்போய் போன் செய்கிறவர்களிடம் நிதானமாகப் பேசி விலாசம் வாங்கும் வேலை. இன்று காலை பத்து மணிக்குப் பயிற்சி தொடங்குகிறது. தவறினால் அடுத்த பயிற்சி எட்டு மாதம் கழித்து; அதற்குள் அந்த இடம் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். நேர்முகத் தேர்வில், "உங்களைக் கூட்டிவர, உள்ளே நகர்த்த ஆள் இருக்கிறதா?" என்று கேட்டபோது அவள் நிமிர்ந்து பதில் சொல்லியிருந்தாள்: "ஆள் வேண்டாம் சார். நானே வருவேன், நானே நகர்வேன்." அதை அவர்கள் எழுதியும் வைத்துக்கொண்டார்கள்.

"நான் தூக்கிட்டுப் போய் விட்டுர்றேனே பாப்பா. நாலு தெருதான?"

"முத நாளே மூட்டை மாதிரி இறக்கி வச்சா, ரிட்டையர் ஆகுற வரைக்கும் நான் மூட்டைதான். நீ அந்த வீடியோவ இன்னொரு தடவ போடு."

அந்த நாற்காலி பழையது. செய்த கம்பெனியே மூடிப் போய்விட்டது. அதன் மோட்டாரைப் பற்றி இணையம் முழுவதும் சலித்தும் ஒரே ஒரு வீடியோதான் அகப்பட்டது. எங்கோ ஒரு தேசத்தில், தகரக் கொட்டகையில், வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர் இதே நாற்காலியைப் பிரித்துக் காட்டுகிறார். பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். வாயைத் திறந்தாலோ இருபது வயதுப் பையனின் குரல், இலக்கணம் பிசகாத தமிழில் கொட்டியது.

"சலவைக்காரரைக் கழற்றி, சுத்தமான துணியால் துடைக்கவும்," என்றது குரல்.

வாஷரைத்தான் அப்படிச் சொல்கிறது என்று மெக்கானிக்குக் காலையிலேயே புரிந்துவிட்டது. தங்கை ஒவ்வொரு முறையும் சிரித்தாள்.

விஷயம் பிரேக்கில் இருந்தது. இரு சக்கர வண்டியில் நாம் அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். இந்த நாற்காலியில் எல்லாம் தலைகீழ். பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். மின்சாரம் பாயும்போதுதான் விடும். எவ்வளவு விட வேண்டும் என்பதை மூன்று சின்னத் திருகுகள் முடிவு செய்கின்றன. ஒரு மயிரிழை கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். இருபது வருஷம் பைக்குகளை ரிப்பேர் செய்த கை, திருகைக் கண்டதும் நன்றாக இறுக்கித்தான் பழக்கம். மூன்று முறையும் அந்தப் பழக்கம்தான் காலை வாரியது.

எவ்வளவு தளர்த்துவது? அதை அந்தப் பெரியவர் சத்தத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அங்கேதான் வந்தது வினை.

"இப்போது கவனமாகக் கேளுங்கள்," என்றது இளைஞனின் குரல். "இது தவறான சத்தம்."

நிசப்தம்.

"இது சரியான சத்தம்."

மறுபடி நிசப்தம்.

"வித்தியாசம் நன்றாகத் தெரிகிறதல்லவா?"

"தெரியலடா ராசா!" என்று மெக்கானிக் தலையில் கைவைத்தார்.

சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். குரல்தான் கூடியது. காதில் ஒயரை மாட்டிப் பார்த்தார். நிசப்தம் இன்னும் நெருக்கமாகக் கேட்டது, அவ்வளவுதான். மணி எட்டு. அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பெரிய பிரார்த்தனை எல்லாம் இல்லை. 'சாமி, எனக்குத் தெரியல. யாருக்காவது தெரிஞ்சா அனுப்பி வை' என்றார் மனசுக்குள்.

கண்ணைத் திறந்தபோது வாசலில் பக்கத்துக் கடை டெய்லர் அக்கா நின்றிருந்தார்.

தங்கை வேலைக்குப் போட்டுப் போகப் புது மேல்சட்டை தைத்து எடுத்து வந்திருந்தார். சக்கரத்தில் மாட்டாதபடி கையைச் சின்னதாக்கி, போன் வைக்க வயிற்றோரம் ஒரு பையும் வைத்திருந்தார். பை வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அவராக யோசித்து வைத்தது.

டெய்லர் அக்காவுக்குப் பதினைந்து வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. பேச்சு இருக்கிறது, எதிரில் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

"என்ன தம்பி, முகமெல்லாம் கிரீஸ்? காலங்காத்தால சண்டையா?"

மெக்கானிக்குச் சொல்லத் தோன்றவில்லை. சத்தம் கேட்காத சிக்கலை, சத்தமே கேட்காத ஒருவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தார். கேட்டது அனுப்பப்பட்டால்கூட, நாம் எதிர்பார்த்த சட்டையில் வரவில்லை என்றால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

"ஒண்ணும் இல்லக்கா! வீடியோ! சத்தம் வரல!" என்று கத்தினார்.

"கத்தாதீங்க. கத்தினா வாய் கோணிக்குது, படிக்க முடியல. ரேடியோ, நீ சொல்லு."

தங்கை நிதானமாகச் சொன்னாள். அக்கா சட்டையைத் தங்கையின் மடியில் வைத்துவிட்டு, எண்ணெய் டப்பாவில் சாய்த்திருந்த போனின் முன் குந்தினார். அரை நிமிஷம் பார்த்தார்.

"இப்ப யாராவது பேசுறாங்களா?" என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாக்கா, பேசிக்கிட்டேதான் இருக்காரு," என்றாள் தங்கை.

"அவர் வாய் மூடியிருக்கே! விரலக் காதுகிட்ட வச்சுக்கிட்டு சும்மா நிக்கிறாரு பாரு. பேசுறது அவர் இல்ல. மிஷின் குரல ஒட்டி வச்சிருக்காங்க. அது அவரோட சத்தத்தையெல்லாம் சேத்து அமுக்கிடுச்சு."

"அத எடுக்க முடியுமாக்கா?" என்றாள் தங்கை.

"ஏன் முடியாது?" அக்கா படத்தை ஒரு முறை தட்டினார். மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் முளைத்தது. அதைத் தொட்டார். வரிசையாகச் சில சொற்கள் விழுந்தன. "நான் வசனத்த எழுத்துல படிக்கத் தினமும் இந்தச் சந்துக்குள்ள வந்து போறவ. காது கேக்குறவங்க இந்தப் பக்கமே வர்றதில்ல. இந்தா, 'ஆடியோ டிராக்'. உள்ள போனா ரெண்டு இருக்கு. தமிழ்ல டிக் இருக்கு. கீழ 'அசல்'னு இருக்கு பாருங்க, அத அமுக்குங்க தம்பி."

"இருபது வருஷமா பல்சக்கரத்தோடதான் குடித்தனம் பண்றேன்," என்று முனகிக்கொண்டே மெக்கானிக் அமுக்கினார்.

இளைஞன் காணாமல் போனான். கொட்டகைத் தகரத்தின் மேல் மழை பெய்யும் சத்தம் அறைக்குள் கொட்டியது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. மீசைக்காரர் கரகரவென்று இருமினார், ஏதோ ஒரு மொழியில் கம்மிய, வெதுவெதுப்பான குரலில் என்னவோ சொன்னார். பிறகு விரலைக் காதருகே கொண்டுபோனார்.

டொடக்.

திருகைத் தொட்டார். மறுபடி விரல்.

டிக்.

"கேட்டுச்சு!" என்று அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"என்ன? என்ன?" என்று அக்காவும் கத்தினார்.

அடுத்த கவலை உடனே வந்தது. சத்தம் வந்தது, தமிழ் போய்விட்டது. அக்கா அதற்கும் அந்தச் சந்துக்குள்ளேயே போய், எழுத்தைத் தமிழில் ஓடவிட்டார். மெக்கானிக் தலையை மோட்டாருக்குக் கீழே நுழைத்துக்கொண்டார். அங்கிருந்து எழுத்தைப் படிக்க முடியாது.

"நீங்க வேலையப் பாருங்க, நான் படிக்கிறேன்," என்றார் அக்கா. தன் குரலின் அளவு தனக்குத் தெரியாததால் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். "மூணையும் முழுசா இறுக்கு! அப்புறம் ஒவ்வொண்ணையும் கால் சுத்து பின்னால விடு! சலவைக்காரரை மறந்துவிடாதே!"

"அங்கயும் சலவைக்காரரா!" தங்கை சிரித்ததில் ஒரு தலையணை கீழே விழுந்தது.

"இரு, இரு, இன்னொண்ணு சொல்றாரு. 'வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிடுகிறாள். இருக்கட்டும். இதைப் பார்க்கிறவர் வீட்டில் யாரோ ஒருவர் இந்த நாற்காலிக்காகக் காத்திருப்பார்.'"

அறையில் ஒரு கணம் மழை மட்டும் பெய்தது. காலையிலிருந்து நான்கு முறை அந்த வரியை மிஷின் குரல் ஒப்பித்திருந்தது. யாருக்கும் உறைக்கவில்லை. தங்கை கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மெக்கானிக் திருகைத் தளர்த்தினார். விசையைத் தள்ளினார். டொடக்.

"மணி எட்டேமுக்கால்," என்றாள் தங்கை.

இன்னும் கொஞ்சம். டொடக். இருபது வருஷமாக என்ஜின் இரைச்சலில் ஊறிய காது. இரண்டு சத்தமா, ஒன்றா என்று அதற்கே குழப்பமாக இருந்தது. "இப்ப சரியா இருக்கோ?" என்று தலையை வெளியே நீட்டிச் சந்தேகமாகக் கேட்டார்.

அக்கா ஒரு கையைப் போனின் முதுகில் வைத்து, மீசைக்காரரின் சரியான சத்தத்தை இரண்டு முறை ஓடவிட்டார். பிறகு அந்தக் கையை எடுத்து மோட்டாரின் மேல் வைத்தார்.

"இல்ல தம்பி. அவரோடது ஒரு தட்டு. இது ரெண்டு தட்டுது. இந்தப் பக்கத் திருகு இன்னும் கொஞ்சம்."

கொஞ்சம்.

"இன்னும் ஒரு பொட்டு."

மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறுக்கச் சொல்லிக் கெஞ்சிய கையை அதட்டி, ஒரு பொட்டு விட்டார்.

டிக்.

"ஒண்ணு! ஒரே தட்டு!" அக்கா குந்தியிருந்த இடத்திலிருந்தே துள்ளினார். வலது சக்கரம் காற்றில் விர்ரென்று சுழன்றது. இடது சக்கரம் அதோடு சேர்ந்துகொண்டது. மெக்கானிக் மோட்டாருக்கடியிலிருந்து வெளியே வர மறந்து படுத்தபடியே சிரித்தார். தங்கையோ, தெரு அறிய முதல் தடவையாக, பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம். நாற்காலியைத் தரையில் இறக்கி, அறைக்குள் முன்னும் பின்னும் பத்து முறை ஓட்டிப் பார்த்தார்கள். அக்கா புதுச் சட்டையை மாட்டிவிட்டு, தலைவாரிவிட்டு, அண்ணனின் கிரீஸ் கையை அந்தப் பக்கம் அண்டவிடாமல் துரத்தினார். ஒன்பதரைக்கு ரேடியோ தெருவில் இறங்கினாள்.

"நான் கூட வரேன்," என்றார் மெக்கானிக்.

"நானே வருவேன்னு சொல்லியிருக்கேன். எழுதி வச்சிருக்காங்க."

"சரி, சரி."

சரி என்றாரே தவிர, முப்பதடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனார். முதல் திருப்பத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்தார். இரண்டாவது திருப்பத்தில் ஒரு கம்பத்துக்குப் பின்னால். கம்பம் அவரைவிட ஒல்லி.

"அண்ணே, வயிறு தெரியுது!" என்று அவள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். நாற்காலியின் வேகம் குறையவில்லை.

மையத்தின் வாசலில் ஒரு சாய்தளம் இருந்தது. அதன் அடியில் அவள் ஒரு கணம் நின்றாள். மெக்கானிக் எதிர்ச் சாரியில், கைகளை இறுக மூடிக்கொண்டு நின்றார். காவலாளி ஓடிவந்து நாற்காலியின் பின்பிடியைப் பிடிக்கப் போனார்.

"வேண்டாம்ணே, ரொம்ப நன்றி. கதவ மட்டும் பிடிச்சுக்குங்க."

விசையைத் தள்ளினாள். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் புறப்பட்டு, சாய்தளத்தில் உதறாமல் ஏறி, காவலாளி பிடித்த கதவு வழியாக உள்ளே போயின. கதவு மெல்ல மூடிக்கொண்டது. மணி பத்தாகப் பத்து நிமிஷம் இருந்தது.

எதிரே கிரீஸ் சட்டையோடு நின்று கண்ணைத் துடைக்கும் ஆளைப் பார்த்துக் காவலாளி சாலையைக் கடந்து வந்தார். "என்னங்க, ஆம்புலன்ஸ் வேணுமா? யாருக்கு முடியல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க," என்றார் மெக்கானிக். கதவைக் காட்டினார். "இப்ப உள்ள போச்சே, அது என் தங்கச்சி. இங்கதான் வேலை பாக்குது."