முப்பது விநாடி சிரிக்காமல்

நீச்சல் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தாலே குளத்தில் பிள்ளைகள் மூச்சு விட யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு உடம்பில் விரல் பட்டால் கூச்சம் தாங்காது என்பது மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் முதுகிலிருந்த மச்சம் ஒரே வருஷத்தில் மிளகளவிலிருந்து பட்டாணி அளவுக்கு வளர்ந்ததைக் கண்டவளும் அவள்தான். "வெயில்ல நின்னா மச்சம் கறுக்கத்தான் செய்யும்" என்று அவர் தட்டிக்கழித்தார். அவள் விடவில்லை, கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கருவியைக் காட்டினார். "இது மச்சத்துல வெளிச்சம் பாய்ச்சும் சார். திரும்பி வர்ற வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தா, சந்தேகப்படணுமா வேண்டாமான்னு தெரியும். ஊசி, கத்தி கிடையாது. முப்பது விநாடி ஆடாம இருந்தா போதும்."

"முப்பது நிமிஷம்கூட இருப்பேன்" என்று மாஸ்டர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தார்.

கருவி பட்டதுதான் தாமதம், "ஹிஹி" என்று ஒரு சத்தம். ஏதோ குழந்தை உள்ளே வந்துவிட்டதென்று டாக்டரம்மா கதவைப் பார்த்தார். இரண்டாம் தடவை கட்டிலே குலுங்கியது. மூன்றாம் தடவை மாஸ்டர் தலையணையைக் கடித்தார். திரையில் கோடுகள் தாறுமாறாக ஓடின.

"சார், சிரிக்காதீங்க."

"நான் எங்க டாக்டர் சிரிக்கிறேன்? முதுகுதான் சிரிக்குது."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சட்டென்று ஏதோ தோன்ற, "ஏங்க, தண்ணிக்குள்ள யாராவது தொட்டா சிரிப்பு வருமா?" என்றாள்.

"அங்க எப்படி வரும்? மூச்சு போயிடுமே!"

அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து முக்காலிமேல் வைத்தாள். கட்டில் ஓரம் தலையை நீட்டி, மாஸ்டர் முகத்தை அதில் அமிழ்த்தினார். உடம்பு மரக்கட்டையானது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் நுழைந்தாள். தண்ணீருக்குள் ஒரு மனிதரின் முகம். பக்கத்தில் பெண்டாட்டி கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். "ஐயையோ!" என்று நர்ஸ் அலறினாள்.

"உஷ்! இன்னும் எட்டு விநாடி" என்றார் டாக்டரம்மா.

வெளிச்சம் சொன்ன சேதி நல்லதாக இல்லை. "சந்தேகமா இருக்கு. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிடலாம்." மாஸ்டர் ஈரமுகத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வெட்டியெடுத்துத் தைத்து அனுப்பினார்கள்.

தையல் பிரிக்கும்வரை குளத்தில் இறங்கக் கூடாது. கரையில் சும்மா நிற்பாரா மாஸ்டர்? குதிக்க வரும் ஒவ்வொருவரின் முதுகையும் சோதிக்க ஆரம்பித்தார்.

"டேய், நில்லு! இது எப்பலேருந்து இருக்கு?"

"இப்பதான் மாஸ்டர். சாக்லேட்."