ஊசியா, கத்தியா?

கறம்பக்குடிச் சந்தை ஓரத்தில் முத்துராமனுக்கு மளிகைக் கடை. யார் என்ன சொன்னாலும் "நீங்க சொல்றதுதான் சரி" என்று தலையாட்டுவார். புளி நன்றாக இல்லை என்று ஒருவர் சொன்னால் ஆமாம். போன வாரத்துக்கு இது தேவலை என்று அடுத்தவர் சொன்னால் அதற்கும் ஆமாம். கடையில் இதனால் ஒரு வம்பும் வந்ததில்லை. அதே தலையாட்டலை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் மனுஷன் செய்த பிசகு.

அவருக்கு ஒரே மகள், பிரகதாம்பாள். எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது காது குத்தியதில் சீழ் வைத்து, துளை தூர்ந்துவிட்டது. அப்புறம் வருஷா வருஷம் ஏதாவது தடங்கல். இந்தத் தையில் எப்படியும் மறுபடி குத்திவிடுவது என்று அவர் மனைவி சொர்ணவல்லி நாள் பார்த்துவிட்டாள்.

வெறுமனே குத்துவதில் அவளுக்குத் திருப்தி இல்லை. அவளுடைய காது தோளைத் தொடும். அதில் தங்கத் தண்டட்டி கனமாகத் தொங்கும். மகளுக்கும் அப்படியே காது வளர்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. கத்தியால் கீறி, துளையில் பஞ்சைத் திணித்து, புண் ஆறியதும் ஈயக் குணுக்கு மாட்டிவிட்டால் அந்தக் கனத்தில் காது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கிய காது திரும்ப ஏறாது.

"எங்க வழியில மூளிக்காதோட ஒருத்தியும் நின்னதில்ல. நாளைக்கு நாலு பேரு முன்னால எம் மக மட்டும் மூளியா நிக்கணுமா? சொல்லுங்க" என்று சோறு போடும்போது கேட்டாள்.

"நீ சொல்றதுதான் சரி" என்றார் முத்துராமன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேராகக் கடைக்கு வந்தாள். "அப்பா, எனக்குக் காது வளக்க வேணாம். ஊசியால குத்தி ஒரு கல்லுத் தோடு போட்டாப் போதும். ஆத்தாகிட்டச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன் தங்கம். ஊசிதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆத்தாளுக்கும் மனம் நிறைந்தது, மகளுக்கும் மனம் நிறைந்தது. வீட்டில் அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து முத்துராமன் உள்ளூரச் சிரித்துக்கொண்டார்.

குறித்த நாளில் அய்யனார் கோயில் வேப்பமரத்தடியில் சொந்தபந்தம் கூடியது. சொர்ணவல்லியின் அண்ணன் பழனிச்சாமி கடலோர மீமிசலிலிருந்து மாட்டு வண்டியில் சீர் கொண்டுவந்து இறக்கினார். பட்டுப்பாவாடை, வளையல், ஒரு கிடா, அவர் ஊர்ப் பெருமைக்கு ஒரு கூடை கருவாடு. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவது. பிரகதா பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு வெகு சந்தோஷமாக மாமன் மடியில் ஏறினாள். அவள் இவ்வளவு சமர்த்தாக ஏறியதைப் பார்த்து சொர்ணவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆசாரி துணியை விரித்துத் தங்க ஊசியையும் சின்னக் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எதும்மா?"

"கத்தி" என்றாள் சொர்ணவல்லி.

"ஊசி" என்றாள் பிரகதா.

"ஒங்கப்பாகிட்டக் கேட்டாச்சுடி!"

"அப்பா சத்தியம் பண்ணிருக்காங்க ஆத்தா!"

கூட்டம் மொத்தமும் முத்துராமனைப் பார்த்தது. அவர் தலை தானாக ஆடியது. எதற்கு ஆடியது என்று அவருக்கே தெரியாது.

பழனிச்சாமி மீசையைத் தடவினார். "மாப்ளே, ஒரு காதுக்கு ஊசி, ஒரு காதுக்குக் கத்தின்னு வச்சுக்கிடலாமா? ரெண்டு பேருக்கும் நல்லவரா இருந்துக்கிடலாம்."

வேப்பமரத்தடியே குலுங்கிச் சிரித்தது. சொர்ணவல்லி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தி, ஊசி என்பதைவிட, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பனும் மகளும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களே என்பதுதான் சுட்டது. அதுவும் அண்ணனுக்கு முன்னால்.

"பெத்தவ சொல்றேன். கத்திய எடுங்க ஆசாரி."

ஆசாரி கத்தியை எடுத்தார். பிரகதா அழவில்லை, மடியைவிட்டு இறங்கி ஓடவும் இல்லை. இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு ஆத்தாளையே பார்த்தாள். அந்தப் பார்வையைச் சொர்ணவல்லியால் தாங்க முடியவில்லை.

"அப்படி என்னடி கசக்குது ஒனக்கு? வலிக்குப் பயமா? பள்ளிக்கூடத்துல எவளாச்சும் கேலி பண்ணாளா?" என்று சீறினாள். கோபத்தில் கேட்டாலும், மகளிடம் அவள் காரணம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல ஆத்தா." பிரகதா காதிலிருந்து கையை எடுத்தாள். "நீ சிரிக்கிறப்பல்லாம் தண்டட்டி ஆடுதுன்னு ரெண்டு கையாலயும் காதப் பிடிச்சுக்கிட்டுத்தான் சிரிக்கிற. எனக்குக் கைய விட்டுட்டுச் சிரிக்கணும்."

சொர்ணவல்லி சுற்றிலும் பார்த்தாள். சற்றுமுன் பழனிச்சாமியின் பேச்சுக்குச் சிரித்த பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள், எல்லோருடைய கையும் இன்னும் தண்டட்டி தொங்கும் காதில்தான் இருந்தது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு மெல்லக் கையை இறக்கினார்கள்.

சொர்ணவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊசியையே எடுங்க ஆசாரி" என்றாள். உடனே விரலை நீட்டி, "ஆனா தோடு நான் பாக்குற தோடுதான். செவப்புக் கல்லு. வெள்ளைக் கல்லு வேணும்னு வாயத் தெறந்தே, கத்திதான்."

"செவப்பே போதும் ஆத்தா."

ஊசி இறங்கியபோது பிரகதா போட்ட கூச்சலில் சீர் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நாலு பேர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். சொர்ணவல்லி மகள் வாயில் சர்க்கரையைப் போட்டு, காதில் துளிர்த்த ரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு வீட்டுல இருக்கு."

"நீ சொல்றதுதான் சரி" என்றார் முத்துராமன், தலையை ஆட்டிக்கொண்டே.

அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சொர்ணவல்லிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் இரண்டு கையும் காதுக்குப் போயின. மாமன் மடியிலிருந்து, கண்ணீர் காயாத முகத்தோடு மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொர்ணவல்லி கையைக் கீழே போட்டாள். தண்டட்டி இரண்டும் ஆடி ஆடிக் கழுத்தில் அடித்தன, வலிக்கத்தான் செய்தது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.